விழுந்த மாதிரிதான்

செஞ்சியிலிருந்து வல்லம் போகிற வழியில், பாறைகளுக்கு நடுவே கோல்ஃப் மைதானம் ஒன்று வந்திருக்கிறது. அந்தப் புல்லுக்குக் கோடையிலும் வேளாவேளைக்குத் தண்ணீர். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தனகோட்டியின் நிலக்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லைக்கு வானம் பார்த்துப் பெய்தால்தான் உண்டு.

அந்தக் கொல்லையைத்தான் மைதானத்துக்காரர்கள் விலைக்குக் கேட்டார்கள். தனகோட்டி முடியாது என்றார். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்க்கிற மருமகன் ஆனந்தராஜ், பத்திரத்தையே எழுதிக் கையோடு கொண்டுவந்துவிட்டான்.

“அந்த மேனேஜ்மெண்ட்டு எனக்குப் பழக்கம் மாமா. நான் பேசினா நல்லபடியா முடியும்.”

“உங்க பேச்ச எத வச்சி நம்பறது மாப்ள?”

“நான் கிளப்புல தொண்ணூறுக்குள்ள முடிக்கிற ஆளு. எல்லாருக்கும் தெரியும்.”

பதினெட்டுக் குழி. ஒவ்வொன்றிலும் பந்தைப் போட எத்தனை அடி ஆகிறதோ, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். குறைவாக அடித்தவன் கெட்டிக்காரன். அடுத்த மாதம் வெளிநாட்டுக்காரர்கள் இங்கே பெரிய போட்டி ஆட வருகிறார்கள். அதே புல்லில், அதே தூரத்தில், நம் ஆபீசர்களும் ஒரு நாள் ஆடிப் பார்க்கலாம் என்று மைதானத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

“நாளைக்கு ஆடறேன். தொண்ணூறுக்குள்ள முடிச்சிட்டா என்னை நம்பிக் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா அந்தப் பேச்சையே எடுக்கல.”

“அடிய எண்றது யாரு?”

“நான்தான். இது நாணயஸ்தங்க ஆடற ஆட்டம் மாமா. அவனவன் அடிய அவனவனே எண்ணிக்குவான்.”

ரேஷன் கடைத் தராசையே நம்பாத மனுஷன் தனகோட்டி. பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மகள் ஜெயஸ்ரீ, “சரின்னு சொல்லு நைனா, எத்தினி வாட்டி இதே பேச்சு” என்றாள். மகளுக்காகச் சரி என்றார்.

மறுநாள் காலை அவரும் கூடப் போனார். செருப்போடு புல்லை மிதிக்கக் கூடாது என்றார்கள். தன் கொல்லையில் செருப்போடு நடக்கிறவர், அந்த மைதானத்தில் கோயிலுக்குள் போகிறவர் மாதிரி வெறுங்காலோடு நடந்தார்.

ஆனந்தராஜ் வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை எல்லாம் போட்டு மட்டையை ஓங்கினான். பந்து நேராக ஒரு பாறையில் மோதி, திரும்பி வந்து அவனுக்குப் பின்னால் விழுந்தது.

“முதல் அடி கணக்குல வராது மாமா. எங்க கிளப்புல அப்படித்தான்.”

இரண்டாவது அடி குட்டைக்குள் போனது. மூன்றாவதும் துணைக்குப் போனது. முழங்கால் உயரப் புல்லுக்குள் போன பந்தைத் தேடுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மாடு கண்டால் விட்டு வைக்காத புல். அதை வேண்டுமென்றே வளர்த்திருக்கிறார்களாம், ஆடுகிறவன் சிக்கிக்கொள்ள.

இப்படியே பாதி ஆட்டம் போனது. அடுத்தது மணல் பள்ளம். மாப்பிள்ளை இடுப்பு மறைய உள்ளே இறங்கினான். மணல் வெளியே வந்தது, பந்து வரவில்லை. மறுபடியும் மணல் வந்தது. தூரத்தில் ராஜகிரிக் கோட்டை தெரிந்தது. அதைப் பிடிக்க வந்த பட்டாளம் வருஷக்கணக்கில் கீழேயே உட்கார்ந்திருந்ததாம். தனகோட்டி ஒரு பாறை நிழல் பார்த்து அவரும் உட்கார்ந்தார்.

மட்டைப் பையைத் தூக்கி வந்தவள் ஜெயக்கொடி. முன்பெல்லாம் அவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க வருகிறவள்.

“எத்தினி அடி ஆச்சி ஜெயக்கொடி?”

“பை தூக்கத்தான் கூலி மாமா. எண்றதுக்குத் தனியாக் குடுத்தா சொல்றேன்.”

ஒருவழியாகப் பந்து குழிக்குப் பக்கத்தில் போனது. பக்கம் என்றால், நடுவில் ஓர் ஆள் படுக்கலாம். கூட ஆடிய ஆபீஸ் நண்பர் சேரன், “எடுத்துக்குங்க சார், விழுந்த மாதிரிதான்” என்றார். ஆனந்தராஜ் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த குழியில் சேரனுக்கு அவன் அதையே சொன்னான். மொய் திருப்பிச் செய்கிற மாதிரி மாறி மாறிச் செய்துகொண்டார்கள்.

சாயங்காலம் ஆனந்தராஜ் கொல்லைக்கு வந்தான். மூக்கு வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. கழற்றாத கையுறைக்குள் பத்திரம்.

“எண்பத்தொம்பது மாமா.”

தனகோட்டி கொல்லை மூலையில் இருந்த முனீஸ்வரன் கல்லுக்கு முன்னால் போய்ச் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். அந்தப் பக்கம் வரப்புத் தகராறானாலும், ஆடு மேய்ந்த தகராறானாலும் அங்கேதான் தீரும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்னால் அது சத்தியம். அதற்கு மேல் பேச்சில்லை.

“அணைச்சிட்டு அதே நம்பரச் சொல்லுங்க மாப்ள. ஒடனே கையெழுத்துப் போடறேன்.”

“இன்னா மாமா, இந்தக் காலத்துல போயி. இதெல்லாம் மூடநம்பிக்கை.”

“அப்ப பயமில்லாம அணைக்கலாமே.”

ஆனந்தராஜ் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தி, கையுறையைக் கழற்றினான். மறுபடி நீட்டினான். ஆபீசில் எத்தனையோ பேப்பரில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற கை, அந்தச் சின்ன நெருப்புக்கு மேல் அப்படியே நின்றது. சூடம் தானாக எரிந்து அடங்கியது.

“அந்த மணலோட எண்றத விட்டுட்டேன் மாமா” என்றான். “அதுக்குள்ளயே நூறு தாண்டிப் போச்சி.”

அன்றைக்கு முழுக்க அவன் சொன்னதில் தனகோட்டி நம்பியது அது ஒன்றைத்தான். பத்திரத்தை வாங்கி, நான்காக மடித்து, அவன் சட்டைப் பையிலேயே வைத்தார்.

“கவலப்படாதீங்க மாப்ள. கையெழுத்து போட்ட மாதிரிதான்.”

ஜெயஸ்ரீ இவ்வளவு நேரமும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தாள். சனிக்கிழமை சனிக்கிழமை ஆபீசில் மீட்டிங் என்று அவன் போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது.

“நைனா, இன்னொரு சூடம் இருக்குதா?”