தமிழ் தெரியாத சாமியார்

ஞாயிறு பூசை முடிந்து, ஒரு பெட்டி சந்தேஷோடும் முழுப் பாவமன்னிப்போடும் சதீஷ் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். இனிப்பை அம்மாவிடம் நீட்டினார். மன்னிப்பு சட்டைப்பையில் இருப்பதைப் போல நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் அத்த. சாமியாரே மன்னிச்சிட்டாரு. இனிப் பேசுறதுக்கு என்ன இருக்கு?"

பேசுவதற்கு என் அக்காவின் இடது காது இருந்தது. தவக்காலம் தொடங்கிய வாரம், "கூப்பிட்டது காதுல விழலையா?" என்று கேட்டு அத்தான் அவளை அறைந்தார். செவிப்பறை கிழிந்தது. அதற்குப் பிறகு அந்தக் காதில் நிஜமாகவே எதுவும் விழவில்லை. கல்பனா அக்கா அன்றே பெஹாலாவிலிருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி மண்டல் காக்கிமாவிடம், காதில் சீழ் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

"பொறவு என்னட்டி கல்பனா? ஆண்டவரே மன்னிச்சாச்சு. நீ அவருக்கு மேலயா?" என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறு அத்தான் வண்டியோடு வந்து அக்காவைக் கூட்டிப்போவது என்று முடிவானது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே சம்மதம் என்று இவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

"எந்தச் சாமியார்ட்ட பண்ணீங்க அத்தான்?" என்று கேட்டேன்.

"கோமஸ் சாமியார்ட்ட."

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"ஜாதவ்பூர்ல போய்ப் படிச்சு வாய் ஒண்ணுதான் நீண்டிருக்கு இந்த மஹிமாவுக்கு" என்றாள் அம்மா.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. கோமஸ் சாமியார் அசல் வங்காளி. தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. மாதம் ஒருமுறை எங்கள் ஆட்களுக்காகத் தமிழ்ப் பூசை வைக்க வேறொரு சாமியார் வருவார். பூசைக்கு வராதது, பொய் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசியது போன்ற சில்லறைப் பாவங்கள் எல்லாம் அவரிடம் போகும். கனத்த பாவங்கள் கோமஸ் சாமியாருக்கு. அவர் பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டுத் தொட்டியில் முழங்கால் போட்டு, நல்ல தமிழில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்துவிடலாம். அவர் "ஹூம், ஹூம்" என்று கேட்டுக்கொள்வார். என்ன சொன்னாலும் அபராதம் ஒன்றுதான்: மூன்று அருள் நிறைந்த மரியே செபம். கந்துவட்டிக்காரருக்கும் மூன்று, சின்னவீடு வைத்திருப்பவருக்கும் மூன்று. ஈஸ்டர் நெருங்கினால் அவர் தொட்டிக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தே எங்கள் சமூகத்தின் யோக்கியதையைச் சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் அந்த வரிசையில் நின்றேன். முழங்கால் போட்டேன்.

"சாமி, எங்க அத்தானைக் கொன்னுட்டேன். துண்டு துண்டா வெட்டி இட்லிக் கொப்பரைல வச்சு அவிச்சேன். வேகவே மாட்டேங்குறாரு. தெருநாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

"ஹூம், ஹூம்" என்றார். பிறகு வங்காளத்தில், "மனம் வருந்துகிறாயா, மா? மூன்று மரியே சொல்" என்று கையை உயர்த்தினார்.

"கையைக் கொஞ்சம் இறக்குங்க ஃபாதர்" என்று நானும் வங்காளத்துக்கு மாறினேன். "இப்ப நான் என்ன சொன்னேன்?"

உயர்ந்த கை இறங்கியது. பிறகு அவர் எழுந்து வெளியே வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரிக் கண்ணாடியைத் துடைத்தார்.

"கடவுளுக்குப் புரியும், மா."

"அப்ப நடுவுல நீங்க எதுக்கு?"

"எவர்களுடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார்."

"மன்னிக்காமல் விடுவீர்களோ அவை மன்னிக்கப்படா என்றும் அதே மூச்சில் சொல்லியிருக்கிறார். எதை மன்னிக்கக் கூடாதுன்னு தெரிய வேணாமா? கேஸையே கேக்காம தீர்ப்புச் சொல்ற ஜட்ஜு அலிப்பூர் கோர்ட்டுலகூடக் கிடையாது!"

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஆரம்பத்தில், எனக்குத் தமிழ் தெரியாது, போங்கள் என்றுதான் சொன்னேன். ஒரு கிழவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எப்படித் துரத்துவது? அழுகை புரிகிறதே."

"அழாதவங்களும் வர்றாங்களே. ஒருத்தர் உங்க பேரைச் சொல்லி எங்கக்காவைக் கூட்டிப்போக வர்றாரு. மன்னிச்சாச்சாம்."

"யார் வந்தார்கள், வரவில்லை என்று நான் சொல்ல முடியாது. அது தொட்டி ரகசியம்."

"அது வேணாம். பாவமன்னிப்புங்கிறது பொண்டாட்டியத் திரும்ப ஒப்படைக்கச் சொல்ற உத்தரவு இல்லன்னு நாளைக்கு எங்க வீட்டுல வந்து சொல்லுங்க."

"உன் வீட்டு வாசலில் நான் நின்றாலே யாருடைய விஷயமாக வந்தேன் என்று தெரிந்துவிடும். என்னால் வர முடியாது, மா."

"கட்ட உங்களுக்கு அதிகாரம் இருக்கு, அவிழ்க்க அதிகாரம் இருக்கு, வாயத் தொறக்க மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று மரியே சொல்லவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "தொட்டிக்குள்ள போயா வெளாடுன? சேசுவுக்குத் தமிழ் தெரியாதாட்டி?" அக்கா வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இட்லிக் கொப்பரை இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பையை எடுத்து மடித்த சேலைகளை அடுக்கினாள். எனக்கு அவள் மீதும் கோபம் வந்தது.

மறுநாள் அத்தான் வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். அக்கா அவர் பின்னாலேயே போய், கடைசிப் படியில் நின்றுவிட்டாள். வாசலில் மண்டல் காக்கிமா பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாமியார்ட்ட என்னங்க சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் ரகசியம்."

"ரகசியம் சாமியாருக்குத்தான். சொன்னவருக்கு இல்ல. அதையே இங்க சொல்லுங்க. வங்காளத்துல சொல்லுங்க. காக்கிமாவும் கேக்கட்டும்."

"மஹிமா சொல்லிக் குடுத்தாளா?"

"எனக்கே வாய் இருக்கு. சொல்லுங்க."

அத்தான் காக்கிமாவைப் பார்த்து அசடு வழிந்தார். வங்காளத்தில், "சின்னச் சண்டை, காக்கிமா" என்றார்.

"இதைச் சொல்லியா மன்னிப்பு வாங்குனீங்க?"

அவர் முகம் மாறியது. "கோமஸ் சாமியாருக்கு இல்லாத அதிகாரம் ஒனக்கு இருக்கோ?"

"இருக்கு. காது என்னுது."

அவர் கையிலிருந்த பையை அக்கா வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். அவரும் விட்டுவிட்டார்.

"என்ன மா, காதில் சீழ்தானே?" என்று காக்கிமா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லை, காக்கிமா" என்று அக்கா தெளிவான வங்காளத்தில் ஆரம்பித்தாள். எந்தக் கை, எந்தச் சுவர், டாக்டர் என்ன சொன்னார், அம்மா ஏன் மறைத்தாள் என்று ஒன்றையும் விடவில்லை. "மெதுவாட்டி, மெதுவா" என்று படியிலிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தாள் அம்மா. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு மருமகள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

அத்தான் தெருவில் இறங்கி, தான் புக் செய்திருந்த வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்த்தார். அது இன்னும் டயமண்ட் ஹார்பர் ரோடு நெரிசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்க வேண்டியதாயிற்று.