யாப்பகுவச் சிங்கத்துக்கு உடைத்த தேங்காய்

புது வேன் வாங்கியவன் அதை முதலில் எங்கே ஓட்டுவான்? கோயிலுக்குத்தான். சசிக்கு மட்டும் புத்தி குறுக்கே போயிற்று. "கோயிலுக்கு எப்பவும் போறோம்தானேக்கா. பழைய ராசாமாரு ஆண்ட ஊருங்களப் பாத்துட்டு வருவோம்" என்று அக்கா நிரோஷாவையும் தோட்டத்து லய வீடுகளின் சனத்தையும் ஏற்றிக்கொண்டு யட்டியாந்தோட்டையிலிருந்து விடியவே கிளம்பிவிட்டான். அரநாயக்க மண்சரிவில் தாயும் தகப்பனும் போன பிறகு நிரோஷாவுக்கு இருப்பது இவன் ஒருத்தன்தான். ரப்பர் பால் வெட்டி அவள் ஆளாக்கிய தம்பி.

தம்பதெனியாவில் கல்தூண்களைப் பார்த்தார்கள். சோற்றுப் பார்சலை முடித்துக்கொண்டு யாப்பகுவையில் போய் இறங்கினார்கள். எழுநூறு வருசத்துக்கு முந்திய தலைநகரமாம். பாறைமேல் செங்குத்தாக ஏறும் கல் படிக்கட்டு, மேலே இரண்டு பக்கமும் முழி பிதுங்கிய கல் சிங்கம். ஏறிப் பார்த்த நிரோஷாவுக்கு மூச்சும் வாங்கியது, வாயும் பிளந்தது.

சிங்கத்தைக் கண்டால் நம்ம சனம் சும்மா இருக்குமா? அம்மனுடைய வாகனம் அல்லவா! காலையில் உடைக்க மறந்த தேங்காய் பையில் இருந்தது. சசி செருப்பைக் கழற்றினான், சூடத்தைக் கொளுத்தினான். "தாயே, வண்டியக் காப்பாத்து" என்று சிங்கத்தின் காலடியில் ஓங்கி அடித்தான். தேங்காய் சிதறியது. கூடவே சிங்கத்தின் பாதத்தில் ஒரு சில்லும் பெயர்ந்தது.

பாவி மகன்!

வேறொரு பஸ்ஸில் வந்த ஆட்கள் அங்கே குடிவெறியில் நின்றார்கள். "சிங்கத்தை உடைக்கிறான்" என்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான். அவர்களுக்கு அது நாட்டுக் கொடியில் இருக்கும் சிங்கம். அவ்வளவுதான். முதல் குத்தில் சசியின் உதடு கிழிந்தது. அடுத்த உதையில் மண்டியிட்டான். அந்த இடத்துக் காவல்காரர் குறுக்கே விழுந்து தடுத்தார், அவரையும் தள்ளிவிட்டார்கள். கத்தினவனே சசியின் சட்டையைப் பிடித்துப் படி விளிம்புக்கு இழுத்தான். அங்கிருந்து உருண்டால் எலும்பு மிஞ்சாது.

நிரோஷா சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தப்புச் செய்து வெளியாள் கை ஓங்கினால், வீட்டாள் முந்திக்கொண்டு அடிக்க வேண்டும். அதைப் பார்த்தால் ஓங்கிய கை தானாக இறங்கும். காவல்காரர் கையிலிருந்து விழுந்த தடியை எடுத்துக்கொண்டு அவள் கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"நாயே! யாரக் கேட்டுடா ஒடச்ச?"

முதுகில் விழுந்தது. தோளில் விழுந்தது. "அக்கா, அக்கா" என்று அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். சட்டையைப் பிடித்திருந்தவன் விட்டுவிட்டான். கூட்டமும் பின்வாங்கியது.

"எத்தி நங்கி, எத்தி" என்றான் சட்டையை விட்டவன். போதுமாம் தங்கச்சி! படியில் தள்ளப் பார்த்தவனுக்கு இரக்கம் வந்துவிட்டது!

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு நெஞ்சு கொதித்தது. போதும் என்று சொல்ல இவன் யார்? ஆனால் இவனைத் தொட முடியாது. கையில் தடி, எதிரே தம்பி. உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து இன்னொன்று போட்டாள். சசியின் வலது மணிக்கட்டு மளுக்கென்றது.

காவல்காரர் வேன் நம்பரை எழுதிக்கொண்டு, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பக்கத்து லயத்து மெல்வின் ஓட்டினான். பின் சீட்டில், வீங்கிய கையை அக்காவின் மடியில் வைத்துக்கொண்டு சசி சாய்ந்திருந்தான்.

"மத்த அடியெல்லாம் என்னையக் காப்பாத்தன்னு தெரியுதுக்கா" என்றான். "போதும்னு சொன்னதுக்குப் பொறகு ஒண்ணு போட்டியே, அது யாருக்கு?"

"அந்தக் குடிகாரனுக்குடா" என்று நிரோஷா ஓவென்று அழுதாள்.

"பட்டது எனக்குக்கா."

மடியிலிருந்த கையை எடுத்துக்கொண்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.