நாய்ப் படையின் மொத்த பலம்

வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வாய்த்த வேலையோ வாயைத் திறக்கக் கூடாத வேலை. நாடாளுமன்றத்தின் ராணுவக் குழுவில் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர்கள் பேசுவார்கள், அவள் எழுதுவாள். குழுவின் விதிமுறை அவளுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்திருந்தது. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், "எந்த ஆவணம், எந்தப் பக்கம்?" என்று கேட்கலாம். எட்டு வருடமாக அதை வைத்தே அலுவலகத்தில் காலம் தள்ளினாள்.

அன்று காலை அண்ணன் தட்டின் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ராணுவத்தின் நாய்ப் படையில் பயிற்றுநர். அவனுடைய நாய்க்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வெடிமருந்து தேடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் தூங்கும். இப்போது அந்தப் படையையே கலைக்கப் போகிறார்கள். அண்ணன் ஒரு கிடங்குக்கு, தூங்குமூஞ்சி எங்கோ ஒரு முகாமுக்கு.

"என் கையாலதான் சாப்பிடும்டி அது. வேற யார் வச்சாலும் முகத்தைத் திருப்பிக்கும்."

"தெரியும்டா. வளர்ப்பு அப்படி."

"இன்னைக்கு உங்க குழுவுக்குத்தானே வருது? ஒரு வார்த்தை சொல்லேன்."

"வாயைத் திறந்தா வேலை காலி."

"வீட்ல மட்டும் திறந்த வாய் மூட மாட்டேங்குது!"

சட்டம் எளிமையானது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள படையைக் கலைக்கக் குழு வாக்களிக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் தளபதி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். தளபதி கடிதத்தோடுதான் வந்திருந்தார்.

"சின்னப் படைங்க. மொத்தமே அம்பத்தெட்டு பேர்" என்றார், ஏதோ பழைய நாற்காலியைத் தூக்கிப்போடச் சொல்வதுபோல.

குழுத் தலைவி முன்னாள் கணக்கு டீச்சர். கடிதத்தில் முத்திரை குத்தக் கையை உயர்த்திவிட்டார். சுருக்கெழுத்தாளர் பேனாவை நிறுத்தினாள். குரலை மாற்றாமல், காலையிலிருந்து காலணி, கூடாரம், குடிநீர்த் தொட்டி என்று பத்து தடவை கேட்டதையே பதினோராவது தடவையாகக் கேட்டாள்.

"எந்த ஆவணம், எந்தப் பக்கம்?"

தளபதி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் சுறுசுறுப்பானவர், அதுதான் வினையாயிற்று. கோப்பைப் புரட்டி, பெரிய எழுத்தில் எண் இருந்த ஒரே தாளை உருவி, பெருமையாகப் படித்தார்.

"போன வருஷம் நாம கொடுத்த புதுக் கட்டட விண்ணப்பம், பக்கம் பதினொண்ணு. நாய்ப் படை, மொத்த பலம் நூத்தி நாலு!"

முத்திரை கீழே இறங்கியது, கடிதத்தில் அல்ல, மேஜையில்.

"மீதி நாப்பத்தாறு பேர் யாரு?" என்று கேட்டபடி தலைவி அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்.

"அது... நாய்ங்க மேடம். நூறு பேர் இருந்தாத்தான் வெந்நீர் வசதியோட கட்டடம் தருவாங்க. அதனால..." என்று இழுத்தார் தளபதி.

"சிப்பாய்னு எழுதியிருக்கீங்க. ஆளுக்கு ஒரு எண் வேற. இதோ, ஒருத்தர் பதவி உயர்வே வாங்கியிருக்கார்."

"நல்ல உழைப்பாளி மேடம்" என்றார் உதவியாளர். தளபதி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"வெந்நீருக்குச் சிப்பாய், கலைக்கும்போது நாயா?"

எதிர்க்கட்சி உறுப்பினருக்குத் தண்ணீர் புரையேறியது. ஆளுங்கட்சி உறுப்பினர் அவர் தலையில் தட்டிக்கொடுத்தார். அந்தக் குழுவின் வரலாற்றில் இரு தரப்பும் ஒத்துழைத்த முதல் சம்பவம் அது. அடுத்த சம்பவத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. கலைக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். ஒன்பது பேரும் கூடாது என்றார்கள். சுருக்கெழுத்தாளர் தலை நிமிராமல் எழுதினாள். எழுத்து மட்டும் கொஞ்சம் துள்ளியது.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் ஓடிவந்தான்.

"படை தப்பிச்சுடுச்சு! நீ ஒரு வார்த்தையாவது சொன்னியாடி?"

"ஒண்ணு இல்லடா. நாலு."

"சும்மா அடிச்சு விடாத."

"இன்னைய நடவடிக்கைக் குறிப்பு, பக்கம் மூணு. போய்ப் பாரு. அதுசரி, உன் சிப்பாய்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"கொட்டாவி விட்டுட்டு என் கால் மேலயே படுத்துட்டார்."

அதன் பிறகு அவள் வாய் மூட ராத்திரி பத்தரை ஆனது.