வில்லோ தெரு

இருபத்துமூணு வருஷம் பூமிக்கு அடியில், வில்லோ தெரு ஸ்டேஷன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ரயில் டிக்கெட் விற்றவள் நான். எதிரே ஒரு சுவர். முழுக்க வெள்ளை டைல், நடுவில் நீலக் கட்டம் போட்டு ஸ்டேஷன் பேர். அடுத்த வெள்ளிக்கிழமை ரிட்டயர்மென்ட். அதற்காகத்தான் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அந்தச் சுவர் என் வீட்டுக்குள் வரக்கூடாது.

டைல் கடையில் எலுமிச்சை மஞ்சளில் ஒன்றை எடுத்தேன். நாத்தனார் தெஸ்பினா அதைப் பிடுங்கித் திரும்ப வைத்தாள். வீட்டு புரோக்கர் அவள்.

"இவாந்தியா, இந்த மஞ்சளைப் பாத்தா வீடு வாங்க வர்றவன் வாசலோட ஓடிடுவான். சப்வே டைல் போடு, உன் ஸ்டேஷன் சுவர்ல இருக்கே அதே வெள்ளை. நம்ம அஸ்டோரியா ஏரியா பூரா எல்லா வீட்லயும் அதான்."

"நாங்க வீட்டை விக்கப் போறதில்லையே, அக்கா."

"இன்னிக்கு விக்கலே. நாளைக்கு?"

புருஷன் லாம்ப்ரோஸ் எனக்காகப் பேசுவான் என்று பார்த்தேன்.

"அவளுக்கு அதான் பிடிக்கும்க்கா," என்றான். "அந்தச் சுவரைப் பத்திப் பேசாம இவ ஒருநாள் சாப்பிட்டதில்ல."

பேசினேனா, திட்டித் தீர்த்தேன் பாவி.

"எனக்குப் பிடிக்காது. வேண்டவே வேண்டாம்."

"பாத்தியா, இப்படித்தான் செல்லமாத் திட்டுவா," என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் பேச்சு அதோடு செத்தது.

வெள்ளிக்கிழமை கூண்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். லாம்ப்ரோஸ் என் கண்ணைப் பொத்தி சமையலறைக்குள் கூட்டிப்போனான். கையை எடுத்தான்.

வெள்ளைச் சுவர். அடுப்புக்கு மேலே நீலக் கட்டம். உள்ளே, ஒரு எழுத்து பிசகாமல், வில்லோ தெரு.

"நாலு மாசம் முன்னாடியே தனியாச் சொல்லிச் செஞ்சேன்," என்றான். கண் கலங்கியிருந்தது. "அதை விட்டுட்டு நீ எப்படி இருப்பேன்னு மனசு கேக்கல."

பெயர்த்தெறி என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"அழகா இருக்கு," என்றேன்.

காபி போட, நடுவில் இருக்கும் சமையல் மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். தெஸ்பினா மேடையின் அந்தப் பக்கம் சாய்ந்து, "மன்ஹாட்டனுக்கு எப்படிம்மா போகணும்?" என்று டிக்கெட் வாங்க வந்தவள் மாதிரிக் கேலி செய்தாள்.

"படி இறங்கி இடது பக்கம்," என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிக்கெட் நீட்டுவது போலக் காபியை நீட்டினேன். அங்கேயாவது ஆறு மணிக்கு வீட்டுக்கு விடுவார்கள்.