பஞ்சு சிக்கிய இடம்

அன்று மாலை கடைக்குள் இருந்தவர்கள்:

விஜயபாஸ்கர், மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர்.
அபு சயீத், வாடிக்கையாளர், வில்லுக்குச் சொந்தக்காரர்.
வேலுச்சாமி, ஹெல்பர், அருப்புக்கோட்டைப் பக்கம், வயது ஐம்பத்தொன்று.
மணிமாறன், அதாவது நான். வில் பழுது பார்ப்பவன்.

வேறு யாரும் இல்லை. கேமரா உண்டு. அது கல்லாவை மட்டும்தான் பார்க்கும்.

அல் குசைஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், ஒரு டயர் கடைக்கு அடுத்த ஷட்டர் எங்களுடையது. முன்பக்கம் விற்பனை, நடுவில் என் மேசை, பின்னால் அம்பு விட்டுப் பார்க்க பதினெட்டு மீட்டர் நீளத்தில் ஒரு அறை. எங்களிடம் வில் வாங்குகிறவர்கள் வேட்டைக்கு விமானம் ஏறிப் போகிறவர்கள். திரும்பி வந்ததும் வில்லை எங்கள் ஸ்டோரிலேயே விட்டுவிடுவார்கள். அடுத்த பயணம் வரை அது அங்கே தொங்கும். தூசி தட்டுவது வேலுச்சாமி வேலை.

அபு சயீத் வியாழக்கிழமை ஆப்பிரிக்கா போகிறார். இந்தியும் அரபியும் கலந்து பேசுவார். போன தடவை நாற்பது கஜ தூரத்தில் நின்ற மானைத் தவறவிட்டாராம். "அம்புக்கு முன்னால சத்தம் போயிடுது" என்றார். "எனக்குச் சத்தமே வேண்டாம்."

அவர் சொன்னது சரிதான். சத்தம் காதில் விழுந்ததும் மான் ஓடுவதற்காகக் காலை மடக்கும். அந்த மடக்கலில் முதுகு ஒரு சாண் இறங்கும். அம்பு மேலே போய்விடும்.

"அஸருக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று பள்ளிவாசலுக்குப் போனார். நான் வில்லை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

வில்லில் சத்தம் ஒன்று இல்லை, பல. பெரியதை எடுத்தால்தான் அதற்குக் கீழே இருப்பது கேட்கும். முதல் அம்பில் 'டங்' என்றது, கூடவே ஒரு கடகடப்பு. குறி பார்க்கும் கருவியில் இரண்டு திருகு தளர்ந்திருந்தது. முடுக்கினேன். அடுத்து, நாணை இழுக்கும்போது அம்பு உரசும் சத்தம். அம்பு உட்காரும் இடத்தில் மெத்தென்ற துணி ஒட்டினேன். நாணுக்கு மெழுகு தேய்த்து, மேலும் கீழும் ரப்பர் கட்டினேன். அவர் வைத்திருந்த அம்பு ரொம்ப இலேசு. இலேசான அம்பு வில்லின் வேகம் முழுவதையும் வாங்கிக்கொள்ளாது, மிச்சம் வில்லையே உலுக்கும். கனமான அம்புக்கு மாறினேன். 'டங்' இறங்கி இறங்கி 'தப்' என்று ஆனது.

ஒவ்வொரு தடவையும் வேலுச்சாமி அண்ணன் போய் அம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வழக்கமாக, "தம்பி, போர்டைக் குறி பாத்தீங்களா, பின்னால டயர் கடைக்காரனையா?" என்று ஏதாவது சொல்வார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

விஜயபாஸ்கர் எட்டிப் பார்த்தார். "என்ன வேலு, மௌன விரதமா? வில்லுக்குத்தானுங்க வாயக் கட்டச் சொன்னோம், உனக்குமா?"

"இல்ல சார், தலவலி."

ஏழாவது அம்பில் எல்லாச் சத்தமும் போயிருந்தது. ஒன்றைத் தவிர. நகம் வெட்டுவது போல ஒரு 'டிக்'.

"லிம்ப்ல ரப்பர் ஒட்டிப் பாரு" என்றார் விஜயபாஸ்கர். லிம்ப் என்பது வில்லின் வளைகிற தகடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒட்டினேன். 'டிக்' நின்றுவிட்டது. அதற்குள் திரும்பி வந்திருந்த அபு சயீத், கையில் டீயோடு நின்று கேட்டுவிட்டு, "மும்தாஸ், பிரமாதம்" என்று சிரித்தார்.

"கேக்கலல்ல? காலாஸ், முடிஞ்சுது. பேக் பண்ணு" என்றார் விஜயபாஸ்கர்.

நான் ரப்பரைப் பிய்த்தேன். காரணம் தெரியாமல் நின்ற சத்தம், நின்ற சத்தமில்லை. ஜெபல் அலியில் ஒரு குளிர் கிடங்கில் மூன்று வருடம் நைட் டூட்டி பார்த்து, ஒரு விடியற்காலையில் பாதியில் போட்டுவிட்டு வந்தவன் நான். கம்ப்ரசர்களோடு தனியாக உட்கார்ந்திருந்ததில் கற்றது அது ஒன்றுதான்.

"அண்ணே, ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியில பஞ்சு இருக்கும். எடுத்துட்டு வாங்க."

கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பஞ்சு காட்டிக் கொடுக்கும். தகட்டின் மேல் மெதுவாக இழுத்தால், நார் தூக்கியிருக்கும் இடத்தில் இழை சிக்கும். வேலுச்சாமி அண்ணன் பஞ்சை நீட்டியபோது கம்பெனி டீ-ஷர்ட்டின் முழுக்கை மேலே ஏறியது. இடது முன்கையின் உள்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கன்றிப்போய், பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. நாண் அடித்த தடம். வில் இழுக்கிறவன் எவனுக்கும் அது தெரியும். அண்ணன் வில் இழுக்கிறவர் இல்லை.

மேல் லிம்ப்பின் ஓரத்தில், நாண் ஓடும் சக்கரத்துக்கு நான்கு விரல் தள்ளி, பஞ்சு சிக்கியது.

அதை யாரும் கவனிக்கும் முன்னால், லைட்டைச் சரி பண்ண வேண்டும் என்று மற்ற இரண்டு பேரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எப்பண்ணே?"

அவர் மழுப்பவில்லை. "போன வெள்ளிக்கிழமை. எல்லாரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தீக. பாப்பா வீடியோ கால்ல வந்துச்சு."

பாப்பா என்றால் நாகஜோதி. ஆறாவது படிக்கிறாள்.

"நான் வில்லு செய்யிறேன்னு அதுகிட்ட சொல்லி வச்சிருந்தேன் தம்பி. தொடைக்கிறேன்னா சொல்ல முடியும்? அது பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லியிருக்கு. எவளும் நம்பலயாம். ஒருக்க இழுத்துக் காட்டுப்பான்னுச்சு. இழுத்துட்டேன். திருப்பி விடத் தெரியல. கை வழுக்கிருச்சு."

"அம்பு?"

"அம்பு இல்ல."

அம்பு இல்லாமல் நாணை விட்டால் அந்த விசை அத்தனையும் வில்லுக்குள்ளேயே அடிக்கும். கடையில் சேரும் எல்லோருக்கும் முதல் நாள் சொல்வது அது. ஹெல்பருக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை. தொடப்போவதில்லை என்று நினைத்திருப்போம்.

"வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். பாப்பா கைதட்டிச் சிரிச்சுச்சு. நான் தடவித் தடவிப் பாத்தேன், ஒண்ணும் ஒடயல. மாட்டி வச்சுட்டேன்."

"எட்டு தடவை இழுத்தேன். மூஞ்சிக்குப் பக்கத்துல. பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஒடையும்னு தெரியாது தம்பி, சத்தியமா. சத்தந்தான் மாறிருச்சுன்னு நெனச்சேன்." பிறகு குரலை இறக்கி, "ரப்பர் ஒட்டுனா கேக்கலல்ல?" என்றார்.

"கேக்காது. ஆனா ஒடையும். இன்னைக்கு ஒடையலாம், நூறாவது அம்புல ஒடையலாம். அவர் கண்ணு போயிடும்."

அடுத்த மாதம் அண்ணனுக்கு விசா புதுப்பிக்க வேண்டும். பேப்பர் விஜயபாஸ்கர் மேசையில் இருந்தது. ஐம்பத்தொரு வயதில் இன்னொரு கம்பெனி அவரை எடுக்காது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"விரிசல் இருக்குன்னு மட்டும் சொல்றேன்" என்றேன். "எப்படின்னு தெரியாதுன்னு சொல்றேன்."

அப்படித்தான் சொன்னேன். பஞ்சை மறுபடி இழுத்துக் காட்டினேன். அபு சயீத் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் தடவிக்கொண்டார். விஜயபாஸ்கர் ஃபைலைத் திறந்தார். வில் உள்ளே வந்த அன்று சோதித்து எழுதிய தாள். 'லிம்ப் இரண்டும் நல்ல நிலை.' கீழே என் கையெழுத்து.

"இது யாருது?"

"என்னோடதுதான் சார்."

"அப்போ அன்னிக்கு நீ பாக்காமயே எழுதிட்டயா? இல்ல, இங்க வெச்சு ஒடைச்சதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வேலுச்சாமி அண்ணன் கதவோரமாக நின்றிருந்தார். நீண்ட நேரம் யோசித்தேன் என்று எழுதினால் பொய். யோசிக்கவில்லை. என் விசாவும் அதே மேசையிலிருந்துதான் வருகிறது.

"அண்ணன் இழுத்தாரு சார். மகளுக்கு வீடியோல காட்ட. அம்பு இல்லாம."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அபு சயீத் திரும்பி, "பிந்த்? மகளா? எத்தனை வயசு?" என்று கேட்டார். "கியாரா" என்றார் அண்ணன், பதினொன்று என்று. அபு சயீத் தலையை ஆட்டினார். தனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை என்று விஜயபாஸ்கரிடம் சொல்லிவிட்டு, வேறு வில் தேர்ந்தெடுக்க முன்பக்கம் போனார்.

"அவர் விட்டுட்டாருங்க" என்றார் விஜயபாஸ்கர் எங்களிடம். "நான் விட முடியாது. எட்டு தடவை இவன் இழுத்திருக்கான். ஒடைஞ்சிருந்தா கடைக்கு சீல். எல்லாரும் ஊருக்குத்தான்." விசா பேப்பரை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "கேன்சல்தான் வேலு. வேற வழி எனக்குத் தெரியல."

"சரி சார்." பிறகு அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். "எழுதுறப்ப, பாப்பா கேட்டுச்சுன்னு எழுத வேண்டாம் சார். நானா எடுத்தேன்னு எழுதுங்க. நாளைக்கு யார் வாயிலயாச்சும் அது காதுக்குப் போச்சுன்னா, தன்னாலதான் அப்பா வந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டே கெடக்கும்."

விஜயபாஸ்கர் அப்படியே எழுதினார்.

அண்ணன் கம்பெனி டீ-ஷர்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தன் சட்டையைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, ஈரம் போக உதறி, பையில் போட்டார். வாசல் வரை நான் கூடப் போனேன்.

"என்னைத் திட்டணும்னா திட்டிருங்கண்ணே."

"எதுக்குத் தம்பி? ஒரு பேச்சுக்குத் தெரியாதுன்னே சொல்லியிருக்கலாம்னு தோணுது. அப்புறம், நீங்க என்ன பண்ணுவீகன்னும் தோணுது." ஷூவின் பின்பக்கத்தை விரலால் இழுத்துவிட்டார். "அந்தப் பஞ்ச நான் எடுத்துத் தந்திருக்கக் கூடாது."

அது வேடிக்கைக்கா, நிஜமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். ஊரில் ஏழு மணி தாண்டியிருக்கும். தினமும் அந்த நேரத்துக்குப் பாப்பா கூப்பிடுவாள்.

"வெளிய போய் எடுத்துக்கிறேன்" என்றார்.

கதவைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. அவர் படி இறங்கி, டயர் கடைப் பக்கம் திரும்பி, அடித்துக்கொண்டிருந்த போனைக் கையில் பிடித்தபடியே நின்றார். வில் இருக்கிற கடை, கதவு திறந்து கிடக்கக் கூடாது. சாத்தினேன். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினேன்.