ஏழாம் ஆணி

1

காலை பத்து நாற்பது. குகைவாசல் குடிசையில் ஒரு பலகை, அதில் இருபது ஆணிகள். பத்தொன்பதில் எண் பொறித்த பித்தளை வில்லைகள் தொங்கின. ஏழாம் ஆணி காலி. இந்த ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். அந்தக் காலி ஆணியை அன்றுதான் கவனித்தேன். கதை அங்கிருந்து வந்தது. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

உள்ளே போகிறவர் யாரானாலும் ஒரு வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் ஆணியில் திரும்ப மாட்ட வேண்டும். பலகை நிறைந்த பிறகே இரும்புக் கதவைப் பூட்டலாம்.

பலகை நிறைந்து பதினோரு வருடமாகிறது. வழிகாட்டி மிலோய்கா தினமும் கதவைச் சாத்துகிறாள். பூட்டுவதில்லை.

2

முதல் தொடக்கம்: ‘ராடோ தண்ணீரில் இறங்கியபோது அவன் முகத்தில்’

(விட்டுவிட்டேன். அவன் முகத்தை மிலோய்கா பார்க்கவில்லை. நான் எப்படிப் பார்ப்பது?)

தெரிந்தது இவ்வளவுதான். ராடோ அவள் கணவன். நண்பன் ஸ்ரெச்கோவுடன் குகையின் கடைசி ஏரிவரை போனான். அங்கே ஆறு பாறைக்கு அடியில் புகுந்துவிடும். இருவரும் அதற்குள் முக்குளிக்கப் போனார்கள். ஸ்ரெச்கோ பாதியில் திரும்பினான். ராடோ வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

3

பத்து நாற்பது படகில் எட்டுப் பேர். எட்டாவது ஆள் ஸ்ரெச்கோ. தலைநகர் லூப்ளியானாவிலிருந்து வந்து, எல்லோரையும் போல டிக்கெட் வாங்கி நின்றான். தலை நரைத்திருந்தது. மிலோய்கா பன்னிரண்டாம் வில்லையை நீட்டினாள்.

கடைசி ஏரியில் துடுப்பை நிறுத்தினாள்.

“ஒரு நிமிஷம் விளக்கை அணைக்கப் போறேன். யாரும் பேசாதீங்க.”

“என் கையை யாரும் புடிச்சிடாதீங்கப்பா, பக்கத்துல வீட்டுக்காரி இருக்கா” என்றார் ஒரு தடித்த மனிதர்.

“உங்க கைய யாருக்கு வேணும்?” என்றாள் மனைவி.

இருட்டு. பாறைக்கு அடியில் தண்ணீர் போகும் சத்தம்.

விளக்கு வந்ததும் வழக்கமான கேள்வியும் வந்தது. தினமும் யாராவது கேட்பார்கள்.

“ஏங்க, இங்க யாராவது செத்திருக்காங்களா?”

“இல்லீங்க” என்றாள், தினமும் சொல்வதைப் போல.

ஸ்ரெச்கோ குனிந்துகொண்டான். (முதலில் அவனை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். எட்டுப் பேர் இருக்கும் படகில் அழுகிற ஆள் இல்லை அவன்.)

4

வெளியே வந்ததும் எல்லோரும் வில்லைகளை மாட்டிவிட்டு சூப் குடிக்கப் போனார்கள். ஸ்ரெச்கோ பன்னிரண்டை மாட்டினான். பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு வில்லையை எடுத்து அவள் கையில் வைத்தான்.

ஏழு.

“பாறைக்கு அடியில போறதுக்கு முன்னாடி ராடோ கழட்டி எங்கிட்ட குடுத்தான்.”

“பதினோரு வருஷமா வச்சிருந்தியா?”

“கொண்டாந்தா பூட்டிடுவியேன்னு வச்சிருந்தேன்.”

“இப்ப மட்டும் எதுக்குக் கொண்டாந்தே?”

“இன்னும் பூட்டலையாமே. கேள்விப்பட்டேன். தாங்கல, மிலோய்கா.”

5

முடிவுகள்.

ஒன்று: பாறை இடுக்கில் வில்லையின் சங்கிலி மாட்டிக்கொள்ளும் என்று ராடோ கழற்றினான்.*

இரண்டு: தான் திரும்பப் போவதில்லை என்று தெரிந்தே, பலகை நிறையட்டும் என்று கொடுத்தனுப்பினான். காலையில் எழுதி மாலையில் கிழித்தேன். ஒரு பெண்ணின் பதினோரு வருடத்தைப் பற்றி நான் தீர்மானிக்க முடியாது.

மூன்று: மிலோய்கா வில்லையை ஏழாம் ஆணியில் மாட்டி, சாவியை எடுத்து

(இதற்கு மேல் ஓடவில்லை.)

அதனால் வில்லை அவள் உள்ளங்கையிலேயே இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. ராடோ அதை ஏன் கொடுத்தான் என்பது ஸ்ரெச்கோவுக்குத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுவதானால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

* முக்குளிப்பவர் ஒருவரிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார். இன்னொருவர், “சங்கிலி இடைஞ்சல்னா சட்டைக்குள்ள விட்டுக்குவோம். அடுத்தவன்கிட்ட ஏன் குடுக்கணும்?” என்றார்.

6

மிலோய்கா வில்லையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் எண்ணைத் துடைத்தாள்.

“இதைக் கழட்டிக் குடுக்கறப்ப அவன் என்ன சொன்னான், ஸ்ரெச்கோ?”