அத்தான் அராவிய பெயர்

“நீ குடுத்த கோப்பை வைக்கச் சொன்ன இடத்துலதான் வச்சேன்னு எத்தனை தடவை—”

“வச்சிருந்தா கம்ப்யூட்டர் ஏன் இல்லைங்குது அத்தான்? அதுக்கும் உங்களுக்கும் என்ன வாய்க்கா தகராறா—”

“—சொல்றது? இப்ப இல்லைங்கலையே, வேற என்னமோ கேக்குதே. பாத்துட்டுப் பேசு குட்டி.”

அத்தானும் மச்சினியும் இப்படி மல்லுக்கட்ட, நடுவில் அக்கா மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குரல்வளையை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. ஆபரேஷனுக்கு முன் பத்து நாள் குட்டி கூடவே உட்கார்ந்து, அவளைப் பேச வைத்துப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டாள். அதை வைத்து இரண்டு புரோகிராம் எழுதினாள். ஒன்று திரையில் எழுத்துகளைத் தட்டுவதற்கான பலகை. மற்றது அந்தப் பலகை தேடிப்பிடித்து ஓட்டும் ப்ளகின், அதாவது துணை நிரல். அதற்குக் ‘குரல்’ என்று பெயர். அக்கா தட்டினால் அக்கா குரலிலேயே பேச வேண்டும். குட்டியின் கணினியில் அது கிளிப்பிள்ளை மாதிரி பேசியது. இங்கே வந்ததும் வாயடைத்துப் போனது.

குட்டி ஊர் திரும்ப வேண்டிய நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். பஸ் போனால் போகிறது. அக்கா ஒரு வாரமாகத் துண்டுச் சீட்டில் எழுதுவதைக்கூடக் குறைத்துவிட்டாளாம். கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாளாம். இப்படியே விட்டுப் போனால் அக்கா பேச்சையே மறந்துவிடுவாள்.

குட்டி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அத்தான் சொன்னது நிஜம்தான். ‘குரல் இல்லை’ என்ற செய்தியைக் காணோம். இந்தக் கோப்பை எதை வைத்துத் திறப்பது என்று ஒரு சின்னப் பெட்டி கேட்டுக்கொண்டு நின்றது.

“அத்தான், உண்மையைச் சொல்லுங்க. கோப்பை என்ன பண்ணீங்க?”

அத்தான் பூட்டுக்காரர். சாவி போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முறுக்கிக்கொண்டே சொன்னார். பலகை ‘குரல்’ இல்லை என்றது. இவர் போய்ப் பார்த்தால் கோப்பின் பெயர் ‘குரல்.exe’ என்று இருந்தது. கடைசியில் என்னமோ பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உள்ளே நுழையவில்லை என்று நினைத்து அந்த வாலை அராவி எடுத்துவிட்டார். அப்புறம் பலகை அதைக் கண்டுபிடித்தது; ஆனால் ஓட்டவில்லை.

“சாவி உள்ள போகுது, சுத்த மாட்டேங்குது. அம்புட்டுதான்,” என்றார்.

குட்டிக்குச் சுருக்கென்றது. அவள் கணினி லினக்ஸ். அங்கே ஓட்டுகிற கோப்புக்கு வால் வேண்டியதில்லை. அக்காவின் மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸோ அந்த வாலைப் பார்த்துத்தான் இது ஓட்ட வேண்டிய கோப்பு என்று தெரிந்துகொள்ளும். அத்தானுக்கு விண்டோஸ் கோப்பைச் சரியாகவே கொடுத்திருந்தாள். ஆனால் பலகையிடம் வெறும் ‘குரல்’ என்று தேடத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். பாவம், மனுஷன் அவள் புரோகிராம் கேட்டதை எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறார். அரை மணி நேரமாக அவரைத்தான் வறுத்தெடுத்திருக்கிறாள்.

“தப்பு என்னோடதுதான் அத்தான்,” என்றாள்.

அவர் காதில் விழாத மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

குட்டி தன் கணினியை எடுத்துத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விண்டோஸ் என்றால் தேடும்போது பெயரோடு .exe சேர்த்துக்கொள், திரையில் காட்டும்போது அதை விட்டுவிடு. ஆறேழு வரிதான். பலகையை மறுபடி கட்டி இங்கே ஏற்றினாள். கோப்பின் வாலை மட்டும் அத்தானையே ஒட்டச் சொன்னாள். புள்ளி ஒன்று, எழுத்து மூன்று. ஒரே விரலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார்.

பலகையின் மூலையில் ‘குரல்’ என்று பச்சையாக எழுந்தது.

அக்கா விரலை நீட்டினாள், மடக்கினாள், குட்டியைப் பார்த்தாள். பிறகு மூன்றே எழுத்து தட்டினாள்.

“குட்டி,” என்றது மடிக்கணினி. அதே குரல், கடைசி எழுத்தில் லேசாக மேலே ஏறும் அதே இழுப்பு.

குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. அக்கா அந்த முதுகையே பார்த்தபடி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

“என்னங்க, ஏன் அழறீங்க? நான் இன்னும் திட்டவே ஆரம்பிக்கலையே.”